வாபஸ் அண்ணனும் சீனியப்பன் வகையறாவும்

மதுரை மாவட்டத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே, எதையும் முதல் தடவை பார்த்ததும் 'சரி' என்று சொல்லாத ஒரே மனிதருடன் ஒன்றரை வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். இதற்காக எனக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. டாக்டர் மட்டும் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் அது இருக்கிறது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் 'வாபஸ்'தான். நேரில் கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஒரு 'அண்ணே' சேர்த்துக்கொள்வோம். வாபஸ் அண்ணே என்றால் உடனே திரும்பிப் பார்ப்பார். உண்மைப் பெயரைச் சொன்னால் யாரையோ என்று நினைத்து வேலையைத் தொடர்வார்.

எங்கள் அலுவலகம் ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே டைல்ஸ் அறுப்பார்கள், மேலே நாங்கள் கோட் எழுதுவோம். கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருக்கிறதே, அதை ஓட்டுகிற டிரைவர் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. யார் கோட் எழுதினாலும் இன்னொருவர் அதைப் படித்துப் பார்த்துச் 'சரி' போட்டால்தான் அது உள்ளே போகும். இதற்கு ரிவ்யூ என்று பெயர். முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் சரி போடலாமாம். ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான் சாப்பிடப் போகிற அவசரத்தில் படிக்காமலே சரி போட, வாடிக்கையாளரின் கருவிகள் அத்தனையும் ஒரு நாள் முழுக்க ஊமையாகிவிட்டன. அன்றிலிருந்து சரி போடும் அதிகாரம் வாபஸ் அண்ணனிடம் மட்டும் என்று வாடிக்கையாளரே சொல்லிவிட்டார். அவரும் அந்த அதிகாரத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். செலவழிப்பதே இல்லை.

அவருடைய ரிவ்யூ முறை வேறு எங்கும் கிடையாது. நாங்கள் எழுதின கோட் முழுவதையும் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொள்வார். சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர் அவர். பஸ்ஸில் நின்றபடி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் எங்கள் கோடையும் பிடித்துக்கொண்டு, கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு, கீழிருந்து மேலாகப் படிப்பார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். மேலிருந்து படித்தால் எழுதினவன் சொல்வதை நம்பிவிடத் தோன்றுமாம். படித்து முடித்துவிட்டு, ரிவ்யூ பக்கத்தில் தமிழில் 'வாபஸ்' என்று அடித்து, கீழே ஒரே ஒரு வரி எழுதுவார். இரண்டாவது வரி எழுதி யாரும் பார்த்ததில்லை.

கோட் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். டைல்ஸ் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் அவர் முதல் டீயை ஒருநாளும் குடித்ததில்லை. ஒரு வாய் வைப்பார், தலையை ஆட்டுவார், கிளாஸ் திரும்பிப் போகும். இரண்டாவது வரும், குடிப்பார். மாஸ்டர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். இரண்டாவது என்று ஒன்று போடுவதே இல்லையாம். திரும்பி வந்த கிளாஸை அப்படியே ஓரமாக வைத்திருந்து, ஐந்து நிமிடம் கழித்து அதையே நீட்டுவாராம். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அன்று மாலையே வாபஸ் அண்ணனிடம் போட்டு உடைத்தேன்.

"தெரியும் மாப்ள," என்றார். "மொதல்ல ரொம்பச் சூடா இருக்கும்."

அவருடைய கல்யாணக் கதை இன்னும் மோசம். பழங்காநத்தத்தில் ஒரு அச்சகத்தில் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறார். மாதிரிப் பத்திரிகை வரும்போதெல்லாம் வாபஸ். பிள்ளையார் ஒரு நூல் இடது பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவை. தாய்மாமன்களில் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தடித்த எழுத்தில் இருக்கிறார், இதனால் குடும்பத்தில் வெட்டுக்குத்து வரும் என்று ஒரு தடவை. பொண்ணு வீட்டில் மனசு மாறுவதற்குள் அடித்துவிடலாம் தம்பி என்று அச்சகக்காரர் கெஞ்சியும் மசியவில்லை. கடைசியில் கல்யாணத்தன்று காலையில்தான் பத்திரிகைக் கட்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்களுக்குத் தாம்பூலப் பையோடு சேர்த்துக் கொடுத்து, 'அவசியம் வந்துருங்க' என்று சொல்லி அனுப்பினார்களாம்.

இதையெல்லாம் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் என் குடும்பமே அந்த மனிதரின் ஒரு 'சரி'யில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஏழு வருடம் சென்னையில் கோட் எழுதியவன். என் மனைவிக்கு மேலூரில் டீச்சர் வேலை. மகள் யாழினி பிறந்ததிலிருந்து நான்கு வருடம் அவர்கள் இங்கே, நான் அங்கே. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுவேன், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பையைக் கட்டிக்கொண்டு திரும்புவேன். ஒருநாள் பக்கத்து வீட்டம்மா யாரும்மா இது என்று யாழினியைக் கேட்டார். "இது எங்க சென்னை அப்பா," என்றாள் பிள்ளை, ஏதோ வேறொரு அப்பாவும் இருப்பதுபோல. அந்த வாரமே வேலை தேட ஆரம்பித்துவிட்டேன். ஒத்தக்கடையில் இந்த வேலை கிடைத்தது. மேலூர் ரோட்டிலேயே வீடு பார்த்துக் குடியேறினோம். ஆனால் முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குப் பிறகு நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடியும் சென்னை. நான் இங்கேயே இருக்கிறேன் என்பதை யாழினி நம்பவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமும் வந்து, "பை எடுத்து வைக்கலையாப்பா?" என்று கேட்பாள்.

நாலாவது மாதம் என் கைக்கு வந்தது மல்டிகாஸ்ட் வேலை. மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார், இது நல்லபடியாக உள்ளே போனால் நான் நிரந்தரம் என்று. போகாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மல்டிகாஸ்ட் என்பது பெரிய பிரம்ம ரகசியம் ஒன்றும் இல்லை. ஒருவருக்கு மட்டும் சொல்கிற செய்தியும் அல்ல, ஊருக்கே சொல்கிற செய்தியும் அல்ல, ஒரு குழுவுக்குச் சொல்கிற செய்தி. எங்கள் வாடிக்கையாளர் ஆஸ்பத்திரிகளில் மாட்டும் அறிவிப்பு ஸ்பீக்கர்கள் செய்பவர். சாப்பாட்டு அறிவிப்பு ஒரு குழு, மூன்றாம் மாடி ஒரு குழு, அவசர அறிவிப்பு ஒரு குழு என்று இருபது முப்பது குழுக்கள். எல்லாச் செய்தியும் ஒரே கம்பியில் வந்துகொண்டே இருக்கும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டு தனக்கு வேண்டிய குழுவை மட்டும் உள்ளே விட வேண்டும். அதற்காக அந்தக் கார்டில் அறுபத்து நான்கு கட்டங்கள் உண்டு. குழுவின் முகவரியை வைத்து ஒரு கணக்குப் போட்டால் அது எந்தக் கட்டத்தில் விழும் என்று வரும். அந்தக் கட்டத்தில் டிக் இருந்தால் செய்தி உள்ளே வரலாம், இல்லாவிட்டால் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான்.

பழைய கோட் என்ன செய்தது என்றால், ஒரு குழு சேர்ந்தாலும் விலகினாலும் அறுபத்து நான்கு கட்டங்களையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து டிக் போட்டது. துடைத்து எழுதும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் ஸ்பீக்கருக்குக் காது கேட்காது. 'டாக்டர் உடனடியாக' என்று ஆரம்பித்த அறிவிப்பு நடுவில் விக்கும். நான் கண்டுபிடித்த வழி எளிது. குழு சேர்ந்தால் அதன் கட்டத்தில் மட்டும் டிக் போடு. விலகினால் அந்த டிக்கை மட்டும் அழி. மொத்தமே நாற்பது வரி. எழுதி முடித்தபோது எனக்கே என்னைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. ரிவ்யூவுக்கு அனுப்பிவிட்டு, அன்று சாயந்திரம் வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

மறுநாள் காலை: வாபஸ். கீழே ஒரு வரி. 'வேகமான முறைன்னு நீயே எழுதக் கூடாது, ஓட்டிப் பாக்குறவன் சொல்லணும்.' கோட் ஆரம்பிப்பதற்கு மேலே விளக்கக் குறிப்பில் 'வேகமான முறை' என்று நான் எழுதியிருந்ததைச் சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வார்த்தையை எடுத்தேன்.

இரண்டாவது தடவை: வாபஸ். 'ஒரு தாளுல அடங்கல.' பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கும்போது தாளைத் திருப்ப முடியவில்லையாம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கூட்டத்துக்கு ஏற்ப நான் கோட் எழுத வேண்டும். சுருக்கினேன்.

மூன்றாவது தடவை: வாபஸ். 'சேர்றது சரி. போறப்ப?'

போகும்போது டிக்கை அழித்துவிடுகிறேன், முப்பத்திரண்டாவது வரியைப் பார்க்கவும் என்று பணிவாகப் பதில் எழுதினேன். நான்காவது தடவை: 'பாத்தேன். போறப்ப?' எனக்குக் காது புகைந்தது. இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். ஐந்தாவது தடவை: 'நீளம்.' சரி, வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டலாம் என்று மூன்று குழுக்களை வைத்து ஆயிரம் தடவை சேர்த்து, ஆயிரம் தடவை விலக்கி, ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்று ஆதாரத்தோடு அனுப்பினேன். ஆறாவது தடவை: 'ஆயிரம் தடவையும் அதே மூணு பேருதான் வந்து போயிருக்காக.'

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் எதற்காக வந்தன என்று இப்போது நினைவில்லை. அந்த நாட்களில் நான் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் கத்தினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. இட்லி கெட்டியாக இருக்கிறதே என்று சொல்லித் தட்டைத் தள்ளியபோது மனைவி என்னை உற்றுப் பார்த்து, இப்போது யார் வாபஸ் என்று கேட்டாள். அவளிடம் புலம்பியதே தப்பு. டீச்சர் அல்லவா. நானும் பிள்ளைகள் நோட்டை இப்படித்தான் திருப்பிக் கொடுப்பேன், தப்பைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அதுகள் எங்கே யோசிக்கும் என்றாள். ஊரே அந்த மனிதர் பக்கம் நிற்பதுபோல் இருந்தது.

பதினோராவது வாபஸ் வந்தபோது அவர் மேசைக்கே போய் நின்றேன். கீழே டைல்ஸ் அறுக்கும் சத்தத்துக்கு மேலாகப் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, என்னா தப்புன்னு வாயத் தெறந்து சொல்லுங்க. திருத்திட்டுப் போறேன்."

"தப்புன்னு நான் எங்க சொன்னேன்?"

"அப்பச் சரின்னு போடுங்க."

"சரின்னும் சொல்லலையே மாப்ள," என்றார், மிகவும் நியாயமான மனிதர் பேசும் குரலில்.

அப்படியே அவருடைய மேசையைத் தூக்கி மேலூர் ரோட்டில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை காலையில் நேரில் வந்து பார்க்கப் போகிறார். என் ஆறு மாதமும் அதே நாளில்தான் முடிகிறது. அன்றைக்குப் புதன்கிழமை.

வியாழக்கிழமை காலையில் பார்த்தால் வாபஸ் அண்ணன் நாற்காலி காலி. குலசாமி கோயில் கும்பிடு, மூன்று நாள் லீவு என்றார்கள். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. குறுஞ்செய்திக்கு, 'கோயில் வேலையா இருக்கேன்' என்று பதில் வந்தது. மேனேஜர் என்னை அழைத்து, சாயந்திரத்துக்குள் சரி வராவிட்டால் பழைய கோடையே காட்டிவிடலாம், உங்கள் விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்வோம் என்றார். 'அப்புறம்' என்று அவர் இழுத்த விதத்திலேயே எனக்குச் சென்னைக்கு டிக்கெட் போட்டதுபோல் இருந்தது.

மடிக்கணினியை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். வைகாசி வெயில். மாட்டுத்தாவணி, விளாங்குடி, பரவை என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, அந்த மனிதரிடம் என்னென்ன பேச வேண்டும் என்று வாய்விட்டே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் பயந்து சற்றுத் தள்ளி நின்றார். சமயநல்லூரில் வழி கேட்டு, உள்ளே வயல்காட்டு ரோட்டில் போய், மைக் சத்தத்தைப் பிடித்துக் கோயிலைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. மைக்கில் பேசிக்கொண்டிருந்ததே வாபஸ் அண்ணன்தான்.

அந்தக் கோயிலில் வழக்கம் இது. கும்பிடுகிற குடும்பங்கள் எல்லாம் வகையறா வகையறாவாகப் பிரிந்திருப்பார்கள். ஒரு பாட்டனின் பெயரில் ஒரு வகையறா. அந்தப் பாட்டன் வழி வந்த எல்லா வீட்டுக்கும் அந்த ஒரே பெயர்தான் விலாசம். வீட்டுக்கு ஒரு பொங்கல் பானை. மைக்கில் வகையறாப் பெயரைச் சொன்னதும் அந்த வகையறாப் பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமிக்கு முன்னால் இறக்குவார்கள். கூப்பிடாமல் யாரும் போகக் கூடாது. வழக்கமாக மைக் பிடிக்கும் பெரியப்பாவுக்கு இந்த வருடம் தொண்டை கட்டிக்கொண்டதால் வேலை வாபஸ் அண்ணனிடம் வந்திருக்கிறது. அவரும் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரியப்பாவிடம் ஒன்பது தடவை திருப்பிக் கொடுத்துச் சரிபார்த்து வைத்திருக்கிறார். பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டியதே அந்த ஒன்பது தடவையில் கத்தியதால்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டி, காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கையை ஆட்டினேன். இரு என்று கையைக் காட்டினார். நான் மைக் செட்டுக்குப் பக்கத்தில் புளிய மர நிழலில் நின்றேன். கண்ணில் புகை, மனசில் கொதிப்பு.

என் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பானையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்திப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். ஒவ்வொருவராகப் போக, நிழலில் அவரும் நானும் மட்டும் மிஞ்சினோம். பட்டியல் முடிந்தது, எல்லாரும் சாமி கும்பிட வரலாம் என்று மைக்கில் சொன்னார் வாபஸ் அண்ணன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். முதுகில் பையும் காலில் ஷூவுமாக இருந்ததால் என்னை ஏதோ விழாக் குழு ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"தம்பி, சீனியப்பன் வகையறாவ எப்பக் கூப்புடுவாக? விடியக்காலம் மொத பஸ்ஸுக்கு வந்தது."

குரலில் கோபம் இல்லை. கூப்பிட மறந்திருப்பார்கள் என்ற சந்தேகம்கூட இல்லை. தன் முறை இன்னும் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நான் நேரே மைக்குக்குப் போனேன்.

"அண்ணே, சீனியப்பன் வகையறாவக் கூப்புடல."

"அவக இப்ப இல்ல மாப்ள. பிடிமண்ணு எடுத்துட்டுப் போயி அவக ஊருலயே கோயில் கட்டிட்டாக. இனி வரலன்னு சொல்லிட்டாக. பட்டியல்ல அழிச்சுட்டேன்."

"யாரு போனது?"

"அந்தத் திருப்பூர்ல இருக்காகளே, அந்த வீடு."

"போனது ஒரு வீடுண்ணே. இந்தா, இன்னொரு வீடு பானையோட நிக்குது."

அவர் எட்டிப் பார்த்தார். பானையைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். ஆறு மாதமாக என் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு வார்த்தையை, இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்று தெரிந்து, நன்றாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"வாபஸ்."

மைக் அணைக்கப்படவில்லை என்பதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. நான்கு பக்கக் குழாய்களிலும் 'வாபஸ்' என்று எதிரொலித்து அடங்கியது. சாமி முன்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். தொண்டை கட்டிய பெரியப்பா, சத்தம் வராவிட்டாலும் தோள் குலுங்கச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயிலிருந்து வார்த்தை வெளியே போன அந்த நொடியில் முப்பத்திரண்டாவது வரி கண் முன்னால் வந்து நின்றது. விலகினால் அந்த டிக்கை அழி. ஒரு கட்டத்தில் ஒரு குழுதான் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? கணக்குப் போட்டால் இரண்டு குழு ஒரே கட்டத்தில் விழலாமே. ஒரு வீடு போகிறது என்று வகையறாப் பெயரையே அழித்தால், இன்னொரு வீடு பானையோடு நிழலில் நிற்குமே. மரத்தடியில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். வாடிக்கையாளர் கொடுத்த முகவரிகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டு அறிவிப்பும் அவசர அறிவிப்பும் ஒரே கட்டத்தில் விழுந்தன.

யாராவது ஒரு நர்ஸ் சாப்பாட்டு அறிவிப்பை நிறுத்தினால், அந்த வார்டில் அவசர அறிவிப்பும் சேர்ந்து செத்திருக்கும். ஸ்பீக்கர் சும்மா இருக்கும். தன் முறை வரவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்குள் வாபஸ் அண்ணன் மைக்கைத் திரும்ப எடுத்திருந்தார். "சீனியப்பன் வகையறா. தப்பு என் மேலதான் ஆத்தா, மன்னிச்சுக்கங்க. பானையக் கொண்டாங்க," என்று ஊர் கேட்கச் சொன்னார். சாமி முன்னால் இருந்த பானைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கச் சொல்லி, அந்த அம்மாவின் பானையை நடுவில் இறக்கி வைத்தார். பிறகு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். திரையில் அந்தக் கட்டத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"அண்ணே, இது தெரிஞ்சுதான் போறப்ப, போறப்பன்னு கேட்டீகளா?"

"தெரிஞ்சா நானே எழுதிருக்க மாட்டேனா? போறப்ப என்ன ஆகும்னு எனக்கும் வெளங்கல மாப்ள. வெளங்காததுக்கு எப்புடிச் சரின்னு போடுறது?"

இத்தனை நாளும் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவருக்குத் தெரியும், சொல்லாமல் வதைக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருக்கும் தெரியாது. தெரியாது என்பதை மறைக்காமல் பதினோரு தடவை சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்டா மேல் உட்கார்ந்தே திருத்தினேன். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை குழு இருக்கிறது என்று ஒரு எண்ணிக்கை. சேர்ந்தால் ஒன்று கூட்டு, விலகினால் ஒன்று குறை, பூஜ்யம் ஆனால் மட்டும் டிக்கை அழி. ஒன்பது வரிதான் கூடுதல். போனிலிருந்து இணையத்தை இழுத்து அனுப்பினேன். அவர் அதைத் தன் கைபேசியில், கீழிருந்து மேலாக, பொங்கல் சோற்றைத் தின்றுகொண்டே படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். இத்தனை நடந்த பிறகு, இப்படிப்பட்ட புனிதமான ஒரு நேரத்தில், வேறு எந்த மனிதராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டிருப்பார்.

வாபஸ். 'சேராதவன் போறேன்னு சொன்னா எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழ போகும்.'

அண்டாவைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்காமல் இருந்ததற்குக் காரணம் கோயில் என்பது மட்டும்தான். அவர் சொன்னது சரி என்பது இன்னொரு காரணம். மேலும் இரண்டு வரி எழுதினேன். பதிமூன்றாவது தடவையாக அனுப்பினேன். கையைக் கழுவிவிட்டு வந்து படித்தார். 'சரி' என்று இரண்டே எழுத்து வந்தது. அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன், இன்னும் என் போனில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வந்தார், பார்த்தார், தலையாட்டினார், போனார். எனக்குக் கடிதம் வந்தது, நிரந்தரம் என்று. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் யாழினி வழக்கம்போல வந்து நின்றாள். அவள் கேட்பதற்குள் பையைப் பரணிலிருந்து எடுத்து, அவளுடைய பொம்மைகளைப் போட்டு வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டேன். ஆனாலும் பழைய பக்கத்து வீட்டம்மாவுக்கு நான் இன்னும் சென்னை அப்பாதான். ஒட்டிய பெயர் அத்தனை சீக்கிரம் போகாது.

வாபஸ் அண்ணனோடு அதற்குப் பிறகும் ஒரு வருடம் சண்டை போட்டேன். பிறகு அவர் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரே மாதத்தில் அவர்கள் இவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். அனுப்பவில்லை. இப்போது எங்கள் கோடை ஒரு மென்பொருள் படிக்கிறது. இரண்டே நிமிடத்தில் 'அருமையான முயற்சி' என்று எழுதிச் சரி போட்டுவிடுகிறது. எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. இப்போதெல்லாம் நானே அச்சடித்துக் கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

இந்த வைகாசிக்குக் கோயில் கும்பிடுக்கு வரச் சொல்லிப் போன் செய்தார். குடும்பத்தோடு வா, உன் வீட்டில் ஒரு பானையும் எடுத்துக்கொண்டு வரச் சொல் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, கொண்டு வா மாப்ள என்று வைத்துவிட்டார். போனோம். அதே புளிய மரம், அதே புகை. சீனியப்பன் வகையறா அம்மா என்னை அடையாளம் கண்டு, ஓரமாக அடுப்புக் கல் ஒதுக்கி, என் மனைவிக்குப் பொங்கல் வைக்க இடம் கொடுத்தார். மைக்கில் வாபஸ் அண்ணன்தான். சீனியப்பன் வகையறா என்று கூப்பிட்டார், அந்தப் பானை போனது. கடைசிப் பெயரும் முடிந்தது என்று நினைத்தபோது அவர் இன்னொரு பெயரைக் கூப்பிட்டார்.

"ஒத்தக்கடை வகையறா."

யாரும் நகரவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அப்படி ஒரு பாட்டன் யார் என்று நானும் சுற்றிலும் பார்த்தேன்.

"ஒத்தக்கடை வகையறா. மாப்ள, ஒன்னயத்தான். பானையத் தூக்கிட்டு வாங்க."

யாழினிதான் முதலில் ஓடினாள். மனைவி பானையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் போனேன். பிறகு அவரிடம் போய், ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவன் பெயரைப் பட்டியலில் சேர்க்கப் பெரியப்பா எப்படி ஒப்புக்கொண்டார் என்று கேட்டேன்.

"எங்க ஒப்புனாரு? பதினோரு தடவ வாபஸ்னாரு," என்றார், காகிதத்தை மடித்துக்கொண்டே. "விடுவேனா."

புகைதான் காரணம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். சாமி முன்னால் யாரோ ஒரு பெண் யாழினியிடம், நீ யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் என்னைக் கையைக் காட்டி, "நாங்க ஒத்தக்கடை வகையறா," என்றாள்.